பதிவு மென்பொருளில் ட்ராக் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டுமா?

கேள்வி: நானும் என் நண்பரும் சேர்ந்து ஒரு சின்ன ஆடியோ ரெக்கார்டிங் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறோம். வீட்டிலேயே பாட்டு பதிவு செய்பவர்கள், பேச்சு நிகழ்ச்சி தயாரிப்பவர்கள், புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள், இவர்களுக்காகத்தான். ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் இழுபறி. ஒரு பாட்டில் 16 ட்ராக்குக்கு (ஒவ்வொரு குரலையும் கருவியையும் தனித்தனியாகப் பதியும் அடுக்கு) மேல் சேர்க்கவே முடியாதபடி செய்துவிடலாம் என்கிறார் நண்பர். மூன்று காரணம் சொல்கிறார். ட்ராக் அதிகமானால் கணினி திணறும். அந்தக் காலத்தில் நாலு ட்ராக்கை வைத்துக்கொண்டே பெரிய ஆல்பங்களைச் செய்தார்கள். கணக்கில்லாமல் ட்ராக் கிடைப்பதால்தான் இன்று யாரும் பாட்டை முடிப்பதே இல்லை. வரம்பில்லாத பதிப்பை அப்புறம் விலைக்கு விற்கலாம் என்பது அவர் கொஞ்சம் மெதுவான குரலில் சொன்ன நாலாவது காரணம். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் எதிர்த்துப் பேசவும் தெரியவில்லை. ஸ்டுடியோவிலேயே இருக்கும் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பதில்: வரம்பு வைக்காதீர்கள். அதற்காக உங்கள் நண்பரை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் வேண்டாம். அவர் கண்ணில் பட்டிருக்கும் சிக்கல் நிஜமானது, மிக்ஸுக்கு (ட்ராக்குகளைக் கலந்து ஒரே பாட்டாக்கும் வேலைக்கு) வரும் செஷன்களில் நானும் அடிக்கடி பார்ப்பதுதான். ஆனால் நோய் ஓரிடத்தில் இருக்க, அவர் கட்டுப் போடுவது வேறிடத்தில்.

சுலபமானதை முதலில் முடித்துவிடலாம். கணினி திணறும் என்பது.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ ட்ராக் நொடிக்கு 1,44,000 பைட் எடுத்துக்கொள்ளும். நூறு ட்ராக் ஒரே நேரத்தில் ஓடினாலும் நொடிக்கு 14.4 மெகாபைட்தான். சாதாரண எஸ்எஸ்டி நொடிக்குச் சில நூறு மெகாபைட் படிக்கிறது. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் நூறு ஃபைலுக்கும் மாறி மாறி ஓடவேண்டி இருப்பதால் கொஞ்சம் மூச்சு வாங்கும், எஸ்எஸ்டிக்கு இது ஒரு சுமையே இல்லை.

உண்மையில் திணறல் வருவது பிளக்-இன்னில், அதாவது ட்ராக்கின் ஒலியை மாற்றும் துணை மென்பொருளில். ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாகச் சேர்த்து அனுப்பும் பஃபரை 128 சாம்பிளில் வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 2.7 மில்லிநொடி. அந்த நேரத்துக்குள் எல்லா ட்ராக்கிலும் இருக்கும் எல்லா பிளக்-இன்னும் தன் வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். ஒன்று தாமதித்தாலும் ‘டிக்’ என்று கேட்டுவிடும். ஒரே ட்ராக்கில் வரிசையாகப் பத்து பிளக்-இன் போட்டிருந்தால், ஒன்றிலிருந்து வெளியே வருவது அடுத்ததற்குள் போகவேண்டும் என்பதால், அந்த வரிசையை ப்ராசஸரின் எட்டு கோருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கவும் முடியாது. ஆகவே மூன்றே ட்ராக்கில் கனமான ரிவர்ப், பிட்ச் திருத்தம் என்று அடுக்கி ஒரு நல்ல கணினியைத் திக்குமுக்காட வைக்கலாம். எதுவும் போடாத 150 ட்ராக்கை அதே கணினி அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். 16 என்ற எண் இதில் யாரையும் காப்பாற்றப் போவதில்லை.

எந்த ட்ராக் ப்ராசஸரை எவ்வளவு தின்கிறது என்று மிக்சரிலேயே காட்டுங்கள். ஒரு சொடுக்கில் ஃப்ரீஸ் செய்ய, அதாவது பிளக்-இன் வேலையை ஒருமுறை ஒலியாக எழுதி வைத்துக்கொள்ள, வழி கொடுங்கள். பதிவின்போது சின்ன பஃபர், மிக்ஸின்போது 1024 என்று மாற்றிக்கொள்வதை எளிதாக்குங்கள். அதுவே போதும்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல், நீங்கள் புரோகிராம் எழுதுபவர் என்பதால். நீங்கள் கவலைப்பட வேண்டிய வரம்பு ஒன்று நிஜமாகவே இருக்கிறது. சாதாரண வேவ் ஃபைல் 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. ஒரு மோனோ ட்ராக்குக்கு ஒரு ஃபைல் என்றால் மேலே சொன்ன தரத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும், பிரச்சினை இல்லை. ஆனால் 32 உள்ளீடுகளையும் ஒரே பல சேனல் ஃபைலாக எழுதினால் கால் மணி நேரத்திலேயே அந்தச் சுவரில் முட்டிக்கொள்வீர்கள். கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது பதிவு நின்றால் அந்த மனிதர் உங்கள் மென்பொருளை மறுபடி தொடமாட்டார். இந்த எல்லையைத் தாண்டும் ஆர்எஃப்64 என்ற வடிவத்தில் எழுதுங்கள், அல்லது எல்லை நெருங்கும்போது இடைவெளியே தெரியாமல் அடுத்த ஃபைலுக்குத் தாவுங்கள்.

சரி, நாலு ட்ராக் காலத்துக்கு வருவோம். உங்கள் நண்பரின் பலமான வாதம் இதுதான். இதில்தான் எனக்கு அவரோடு நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

1957இல் அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால் ஆம்பெக்ஸ் என்ற டேப் ரெக்கார்டர் நிறுவனத்திடம் சொல்லிச் செய்து வாங்கிய இயந்திரத்தில் எட்டு ட்ராக் இருந்தது. அதுவரை ஏற்கெனவே பதிவானதன் மேலேயே அடுத்ததைச் சேர்த்துச் சேர்த்துத்தான் அவர் தன் கிட்டார் அடுக்குகளைக் கட்டினார். ஒரு அடுக்கில் கை தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த அவஸ்தை போதும் என்றுதான் எட்டு ட்ராக் கேட்டு வாங்கினார். பத்து வருடம் கழித்து, 1967இல், பீட்டில்ஸ் லண்டன் ஈஎம்ஐ ஸ்டுடியோவில் ஸ்டூடர் ஜே37 என்ற நாலு ட்ராக் இயந்திரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். உங்கள் நண்பர் மனதில் இருப்பது அப்போது அவர்கள் செய்த ‘சார்ஜெண்ட் பெப்பர்’ ஆல்பமாகத்தான் இருக்கும். நாலும் நிறைந்ததும் அதை மிக்ஸ் செய்து இன்னொரு இயந்திரத்தின் ஒன்றிரண்டு ட்ராக்கில் இறக்குவார்கள், மீதியில் மறுபடி நிரப்புவார்கள். ஒரு பாட்டில் ஆர்கெஸ்ட்ராவையே சேர்க்கவேண்டி வந்தபோது அதுவும் போதவில்லை. இரண்டு நாலு ட்ராக் இயந்திரங்களைச் சேர்ந்தாற்போல ஓட வைக்க, ஒன்றின் ஒரு ட்ராக்கில் 50 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிந்து, அதைக்கொண்டு மற்றதன் மோட்டாரை ஓட்டினார் கென் டவுன்செண்ட் என்ற பொறியாளர். மறு வருடமே அந்தக் குழு எட்டு ட்ராக்குக்குப் போய்விட்டது. யாரும் நாலு ட்ராக்கை நினைத்து ஏங்கிக்கொண்டு உட்காரவில்லை.

அதற்குப் பிறகும் கதை இப்படியே போகிறது. இரண்டு அங்குல டேப்பில் 16, பிறகு 24. அதுவும் போதாமல் இரண்டு 24 ட்ராக் இயந்திரங்களை டைம்கோடு என்ற நேரக்குறியை வைத்துப் பிணைத்தார்கள். டைம்கோடுக்கு ஆளுக்கொரு ட்ராக் போக மிச்சம் 46. ஸ்டுடியோக்களின் வரலாற்றைப் புரட்டினால், இருக்கிற வரம்பைத் தாண்டுவதற்காகப் பொறியாளர்கள் தூக்கம் கெட்ட வரலாறுதான் பெரும்பாலும். வரம்பு இருந்ததால் அந்த ஆல்பங்கள் வந்தன என்று சொல்வதானால், அதை மீறுவதற்கு அவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

இருந்தாலும் நாலு ட்ராக் ஒன்றைக் கொடுத்தது, அதை மறுக்கமாட்டேன். இப்படிக் கலந்து இறக்கும் ஒரு பவுன்ஸ் எப்படி நடக்கும் என்று கிட்டே போய்ப் பார்த்தால் புரியும்.

முதல் ட்ராக்கில் டிரம்ஸும் பேஸும் சேர்ந்து இருக்கிறது. இரண்டாவதில் கிட்டார், மூன்றாவதில் பியானோ. இன்னும் பாடகர் குரல், கூடப் பாடுபவர்கள், ஒரு தனி வாசிப்பு, இத்தனையும் பாக்கி. நாலாவது மட்டும்தான் காலி. அப்போது மூன்றையும் கலந்து நாலாவதில் இறக்க வேண்டும். இறக்கிவிட்டு முதல் மூன்றின் மேலேயே குரலைப் பதியப் போகிறோம், அதாவது அந்தக் கிட்டார் இனிமேல் தனியாகக் கிடையாது. அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. குரலோ இன்னும் பாடப்படவே இல்லை. குரல் வந்து உட்காரும்போது கிட்டார் எவ்வளவு இருந்தால் சரியாக இருக்கும் என்பதை, இல்லாத குரலை மனதுக்குள் கேட்டுக்கொண்டே முடிவு செய்ய வேண்டும். ஒரு ட்ராக்கிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கும்போது இரைச்சல் ஏறும், மேல்சுருதி மங்கும் என்பதால் கொஞ்சம் பளிச்சென்று ஈக்யூ (அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது) போட்டே இறக்குவார்கள். காலியாக இருக்கும் கையில் டாம்பரின் என்ற தாளவாத்தியத்தைக் கொடுத்து, இறங்குகிற நேரத்திலேயே வாசிக்க வைத்து, அதையும் நாலாவதில் சேர்த்துவிடுவார்கள். அது பிடிக்கவில்லை என்றால் முழுசாக மறுபடி. எல்லாரும் ஒருமுறை உட்கார்ந்து கேட்டு, ‘ஓகே, இதுதான்’ என்று தலையாட்டிய பிறகுதான் சிவப்புப் பொத்தான்.

அந்தத் தலையாட்டலைத்தான் உங்கள் நண்பர் தேடுகிறார். நாலு என்ற எண் அதற்கு ஒரு சாக்கு.

1979இல் டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ என்ற சின்ன ரெக்கார்டர் வந்தபோது நாலு ட்ராக் பதிவு சாதாரண கேசட்டிலேயே சாத்தியமானது. அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வீட்டில் அதில் பாடி வைத்த மாதிரிப் பதிவுகளைப் பிறகு குழுவோடு ஸ்டுடியோவில் பதிந்து பார்த்தார். கேசட்டில் இருந்த உயிர் அதில் வரவில்லை என்று தோன்ற, 1982இல் கேசட்டில் இருந்ததையே ஆல்பமாக வெளியிட்டார். வரம்புக்கு ஆதரவாக எல்லாரும் எடுத்துப்போடும் உதாரணம் இது. ஆனால் பாருங்கள், பெரிய ஸ்டுடியோவின் கதவு அவருக்குத் திறந்தே இருந்தது. உள்ளே போயும் பார்த்தார். அப்புறம் நாலு ட்ராக்கைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். இயந்திரத்தைச் செய்தவர் ‘உனக்கு இது போதும்’ என்று சொல்லவில்லை.

மூன்றாவது காரணம், பாட்டை முடிக்காமல் இழுப்பது. இதில் நான் உங்கள் நண்பர் பக்கம்தான், நோயைப் பொறுத்தவரை.

மிக்ஸுக்கு வரும் செஷன் ஒன்று எப்படி இருக்கும் தெரியுமா? தொண்ணூறு சொச்சம் ட்ராக். ஒரே கிக் டிரம்முக்கு ஐந்து சாம்பிள், எதை வைப்பது என்று முடிவாகவில்லை. ஒரே கிட்டார் வாசிப்பு நாலு மைக்கில், கூடவே நேரடி இணைப்பிலும். குரலுக்கு வந்தால் ‘லீட் நல்லது’, ‘லீட் புதுசு’, ‘லீட் புதுசு 2’, ‘லீட் இதுதான்’. அந்த ‘இதுதான்’ மியூட்டில் இருக்கும். ஃபோன் போட்டுக் கேட்டால், ‘நீங்களே கேட்டு நல்லதா எடுத்துக்குங்க சார்’ என்பார்கள். பாடகரும் இசையமைப்பாளரும் எடுக்க வேண்டிய முடிவெல்லாம் இப்படி வரிசையாகத் தள்ளிப்போய், கடைசியில் பாட்டை முதல்முறையாகக் கேட்கும் ஆள் தலையில் வந்து இறங்குகிறது.

இதனால் வரும் சேதம் காதுக்கும் கேட்கும். ஒரே அறையில், லேப்டாப் விசிறி ஓடிக்கொண்டிருக்க, ஒருவரே கோரஸை 16 தடவை பாடி அடுக்குகிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு ட்ராக்கிலும் அந்த அறையின் இரைச்சல் கொஞ்சம் இருக்கும். தொடர்பில்லாத இரைச்சல்கள் கூடும்போது எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபல் ஏறும். பதினாறுக்கு 12 டெசிபல், அறுபத்துநாலு என்றால் 18. எல்லா ட்ராக்கிலும் பாட்டு ஓடும்போது குரலும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறுவதால் தெரியாது. வரிக்கும் வரிக்கும் நடுவில்தான், யாரும் பாடாத அந்த அரை நொடியில், ‘ஸ்ஸ்’ என்று ஒரு திரை எழுந்து சட்டென்று மறையும். நாலு மைக் கிட்டாருக்கு இதைவிட மோசம். இரண்டு மைக்குக்கு நடுவே 34 சென்டிமீட்டர் தூர வித்தியாசம் இருந்தால் ஒலி ஒரு மில்லிநொடி பிந்தி வரும். இரண்டையும் ஒரே அளவில் கலந்தால் 500 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பள்ளம் விழும், மேலே 1500, 2500 என்று தொடரும். கிட்டார் மெலிந்துபோய்க் கேட்கும். பதிவு செய்தவரோ ‘இன்னும் தடிமன் வேண்டும்’ என்று ஐந்தாவது மைக்கைத் தேடுவார்.

ஆக, ட்ராக் பெருகுவது கெடுதல் செய்யும் என்பது சரிதான். அப்படியானால் 16இல் நிறுத்தினால் என்ன என்று நண்பர் கேட்பார். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் ஊகிக்க வேண்டியதே இல்லை, ஏற்கெனவே நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஏபிள்டன் லைவின் லைட் பதிப்பில் எட்டு ட்ராக். ப்ரோ டூல்ஸின் இன்ட்ரோ பதிப்பில் எட்டு ஆடியோ ட்ராக். இவற்றைப் பயன்படுத்துபவர்கள் எட்டு வந்ததும் ‘ஆகா, இனி முடிவெடுப்போம்’ என்று உட்காருவதில்லை, சந்து தேடுகிறார்கள். சரணத்தில் ஷேக்கர் (குலுக்கி வாசிக்கும் தாளக் கருவி) இருக்கும் ட்ராக் பல்லவியில் காலியாக இருக்கிறதா, அங்கே இரண்டாவது குரலைப் போடு. ஷேக்கருக்காக அடிப்பகுதியை வெட்டி வைத்த ஈக்யூ இப்போது குரலையும் வெட்டும். அதற்கு ஆட்டோமேஷன் போட்டு, சரணம் வரும்போது ஈக்யூவை மாற்றி, பல்லவியில் திரும்ப மாற்றி, அதில் ஒன்று அரை மாத்திரை தள்ளிப்போய், ஷேக்கரின் கடைசி அடி குரலின் ரிவர்பில் விழுந்து... இரண்டு தனி ட்ராக்கில் நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது. இன்னும் சிலர் ஒரே வரியை நாலு தடவை பாடிய நாலு டேக்கை நாலு ப்ராஜெக்டாகச் சேமித்து வைப்பார்கள். முடிவு அப்போதும் எடுக்கப்படவில்லை, ஃபோல்டருக்குள் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான்.

இதில் அதிகம் அடிபடுவது யார் என்று யோசித்தால் எனக்குக் கோபமே வரும். அனுபவசாலி எட்டு ட்ராக்கில் சமாளித்துவிடுவார். எதை எதோடு சேர்த்து இறக்கலாம், எது கடைசிவரை தனியாக இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அது தெரியாதவர்தான் புதியவர். ஒவ்வொன்றும் தனித்தனி ட்ராக்கில், அதனதன் பெயரோடு, பக்கத்தில் ஒரு ஃபேடரோடு இருந்தால்தான் அவருக்கு என்ன நடக்கிறது என்றே புரியும். குறைந்த ட்ராக்கில் வேலை செய்வது கை தேர்ந்தவரின் திறமை. அதைக் கற்றுக்கொள்ள வந்தவர் மேல் முதல் நாளே சுமத்துகிறீர்கள், ‘எளிமை’ என்ற பெயரில்.

அப்புறம் வேலையின் இயல்பே பல ட்ராக் கேட்கும் இடங்கள். ஒரு டிரம் செட்டை ஒழுங்காகப் பதிந்தால் கிக்குக்கு இரண்டு, ஸ்னேருக்கு மேலே ஒன்று கீழே ஒன்று, ஹை-ஹாட், மூன்று டாம், தலைக்கு மேல் இரண்டு, அறைக்கு இரண்டு. பன்னிரண்டு போய்விட்டது, பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. 32 சேனல் டிஜிட்டல் மிக்சரை யுஎஸ்பியில் இணைத்து மேடை நிகழ்ச்சியைப் பதிய நினைப்பவருக்கு உங்கள் மென்பொருள் பாதியில் கையை விரித்துவிடும். சினிமா ஒலிக்கலவையில் டால்பி அட்மாஸ் என்ற சுற்றொலி முறையின் ரெண்டரரே 128 சேனல் வாங்கிக்கொள்கிறது. அவ்வளவு தூரம் போகிறவர்கள் உங்கள் வாடிக்கையாளர் இல்லை என்று சொல்லலாம். இருக்கட்டும். நாலு பேர் பேசும் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மைக், நாலுக்கும் மாற்றுப் பதிவு, தொலைவிலிருந்து பேசும் விருந்தினர், முகப்பு இசை, இடை இசை, சூழல் ஒலி, மறுபடி பேசிப் பதிந்த இரண்டு வரிகள். 16ஐ நெருங்கிவிட்டோம், இத்தனைக்கும் இது எளிய நிகழ்ச்சி.

அதனால் வரம்பை மென்பொருளின் கையிலிருந்து எடுத்து, பயன்படுத்துபவர் கையில் கொடுங்கள் என்பேன். புதிய ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும் திரையில் ஒரு சின்னக் கட்டம் போதும்: ‘இந்தப் பாட்டுக்கு எத்தனை ட்ராக்?’ காலியாக விட்டால் எல்லை இல்லை. எட்டு என்று போட்டால், ஒன்பதாவதைச் சேர்க்கப் போகும்போது மென்பொருள் மறித்துக் கேட்கட்டும்: எதையாவது சேர்த்து இறக்குகிறாயா, எதையாவது நீக்குகிறாயா, இல்லை எண்ணை மாற்றுகிறாயா? மாற்றுவதற்கும் இரண்டு சொடுக்குதான் ஆகவேண்டும். தன் கையைத் தானே கட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முடிச்சு அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அதைவிட முக்கியமாக, ட்ராக் தேவையில்லாமல் பெருகும் வழிகளை அடைத்துவிடுங்கள். பெரிய வழி, டேக்குகள். மறுபடி பாடும்போதெல்லாம் புது ட்ராக் திறந்தால் நாலு லீட் குரல் வந்து நிற்கத்தான் செய்யும். எல்லா டேக்கும் ஒரே ட்ராக்குக்குள் அடுக்காகப் போகட்டும். நல்ல வரிகளை விரலால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் ஒரே குரலாகத் தைத்துக் கொடுக்கட்டும். பதிவுப் பொத்தானை அழுத்தும் முன் பெயர் கேளுங்கள். எரிச்சலாக இருக்கும் என்று பயப்படாதீர்கள், ‘ஆடியோ 47’ என்று வரும் செஷனைத் திறப்பவர் படும் எரிச்சலுக்கு அது எவ்வளவோ தேவலை.

அடுத்தது பவுன்ஸ். ஐந்தாறு ட்ராக்கைத் தேர்ந்தெடுத்து ஒரு விசையை அழுத்தினால் அவை ஒன்றாகி, மூலங்கள் கண்ணிலிருந்து மறைய வேண்டும். மூலங்களை நிரந்தரமாக அழித்துவிட வேண்டும், அப்போதுதான் பழைய ஒழுக்கம் வரும் என்று வாதிடும் தீவிரவாதிகள் என் தொழிலில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டேப்பில் வேறு வழியில்லாமல் இருந்ததை இன்று வேண்டுமென்றே செய்வானேன்? மூலங்களை வைத்திருங்கள், ஆனால் கொஞ்சம் நடந்து போய் எடுக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். மிக்சரில் அவை தெரியக் கூடாது, பிளக்-இன்னும் ஓடக் கூடாது. மெனுவுக்குள் போய் ‘பிரித்துக்கொடு’ என்று கேட்டால் மட்டும் திரும்பி வரட்டும். பெரும்பாலானோர் கேட்கவே மாட்டார்கள். மறைந்ததும் மனம் அதை முடிந்த விஷயமாக எடுத்துக்கொள்ளும்.

எண்ணிக்கைக்கு உள்ளுக்குள் ஒரு உச்சம் இருக்கத்தான் செய்யும், நினைவகம் முடிவில்லாதது இல்லையே. லாஜிக் ப்ரோ நெடுநாள் 255 ஆடியோ ட்ராக்கில் நின்று, 2019இல் ஆயிரத்துக்குப் போனது. ரீப்பர், ஆர்டர் (Ardour) போன்ற மென்பொருள்கள் எண்ணே வைப்பதில்லை. நீங்களும் ட்ராக் எண்ணை ஒரு சின்ன மாறியில் அடைத்துவிடாதீர்கள், பின்னால் கோப்பு வடிவத்தையே மாற்ற வேண்டி வரும். திரையில் தெரியும் ட்ராக்குகளை மட்டும் வரைந்தால் ஐநூறும் ஐம்பதும் ஒன்றுபோலவே ஓடும்.

கடைசியாக அந்த மெதுவான குரல் காரணம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நீங்களும் சம்பாதித்தாக வேண்டும். இலவசப் பதிப்பில் இத்தனை ட்ராக், முழுப் பதிப்பு இவ்வளவு விலை என்று பதிவிறக்கப் பக்கத்தின் மேலேயே எழுதிவிட்டால் அது நேர்மையான வியாபாரம். அதையே ‘உங்கள் படைப்பாற்றலுக்காக’ என்று அலங்கரித்தால்தான் எனக்கு ஒவ்வாது. என்னைக் கேட்டால் விற்பதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது: நல்ல ரிவர்ப், பிட்ச் திருத்தம், வீடியோவோடு ஒத்திசைப்பது, சரவுண்ட் வெளியீடு. இவையெல்லாம் இல்லாமலும் ஒருவர் தன் பாட்டை முடித்துவிடலாம். ட்ராக்கை நிறுத்தினால் பாட்டு நடுவழியில் நிற்கும், அந்த எரிச்சலில் பாதிப் பேர் காசு கட்டுவதற்குப் பதிலாக வரம்பே இல்லாத இன்னொரு இலவச மென்பொருளுக்குப் போய்விடுவார்கள்.

அப்படியும் ட்ராக்கைத்தான் விற்பது என்று இருவரும் முடிவு செய்தால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முழுப் பதிப்பில் செய்த 60 ட்ராக் ப்ராஜெக்டை, சந்தா தீர்ந்தவரோ இலவசப் பதிப்பு வைத்திருக்கும் அவருடைய நண்பரோ திறந்தால், அது முழுதாகத் திறக்க வேண்டும். அறுபதும் ஒலிக்க வேண்டும். ஃபேடர் அசைய வேண்டும், மிக்ஸும் தனித்தனி ஃபைல்களும் வெளியே எடுக்க முடிய வேண்டும். புதிதாகச் சேர்ப்பதை மட்டும் தடுத்துக்கொள்ளுங்கள். 17ஆவது ட்ராக்கிலிருந்து மௌனமாகிவிடும் மென்பொருள்களை நான் பார்த்திருக்கிறேன். சேமித்தால் அந்த மௌனமும் சேர்ந்தே சேமிக்கப்பட்டுவிடும். வரம்பு பற்றிய நிரல் ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், இந்தச் சோதனையை இருவரும் உட்கார்ந்து எழுதி வைத்துவிடுங்கள்.